பழைய பாணி வெல்வெட் மேலங்கி வீட்டில் தைப்பது: துணிக் கணக்கு, ரோம ஓட்டம், காலர், லைனிங்

மல்பெரி

வணக்கம். 1910-20 காலத்து ஈவ்னிங் மேலங்கி, அந்தக் கூட்டுப்புழு வடிவம், வீட்டில் தைக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வடிவம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு செவ்வகம், குறுக்கே பாதியாக மடிப்பு. மடிப்பை ஒட்டி இரு பக்கமும் கைவாய் விட்டு, மிச்சத்தைத் தைத்துவிட்டால் உடல் தயார். மேல் விளிம்பு பிடரியில் காலராகத் திரும்பும், கீழ் விளிம்பு தொடைக்கு வரும், மடிப்புக்கோடு முதுகின் குறுக்கே போகும்.

கையில் இருப்பது: பட்டு அடித்துணியில் விஸ்கோஸ் ரோமம் (முகத்தில் நிற்கும் குட்டை இழை) உள்ள வெல்வெட், 112 செ.மீ. அகலம், 3 மீட்டர். லைனிங்குக்கு 16 மோம்மே (பட்டின் எடையைச் சொல்லும் அளவு) க்ரேப் சாட்டின், அதே அகலம், 3 மீட்டர். முடிந்த அளவு கைவாய்க்குக் கைவாய் 130 செ.மீ., மேலிருந்து கீழ் 104 செ.மீ. வர வேண்டும். குறுக்கே மடித்தால் 52, அதில் கைவாய் 22, பக்கத் தையல் 30 செ.மீ. காலர் சுமார் 16 செ.மீ. வெளியே திரும்ப வேண்டும்.

துணி அகலம் 130-க்குப் போதாது. துணியைக் குறுக்காகப் போட்டு ஒரே துண்டாக வெட்டலாமா, நடுமுதுகில் தையல் வைக்கலாமா? காலர் திரும்பினால் லைனிங்தானே தெரியும், அதற்கு என்ன செய்வது? லைனிங்கை மெஷினில் சுற்றித் தைத்துத் திருப்புவதா, கையால் எம்மிங் செய்வதா? இடையில் ஃப்ளானல் வேண்டுமா?

ஊசிமுனை

ஒரே துண்டு வேண்டாம். துணியின் நீளம் உடலுக்குக் குறுக்கே வந்தால் ரோமம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடும். வெல்வெட்டில் ரோமம் சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து நிறம் மாறும். உங்களை நோக்கிச் சாய்ந்தால் அடர்த்தியாகத் தெரியும், விலகிச் சாய்ந்தால் வெளிறி மினுங்கும். இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் இன்னொரு நிறம் என்று நிற்கும்.

69 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்க. அதில் ஒன்றை 180 டிகிரி திருப்பி, நடுமுதுகில் சேருங்க. ரோமம் நடுவிலிருந்து இரண்டு கைப்பக்கமும் ஓடும், இடமும் வலமும் ஒன்றாகிவிடும். உடலுக்கு 1.4 மீட்டரே போதும். மிச்சத்தில் காலருக்குத் தாராளமாக வெல்வெட் ஃபேசிங் (உள்பக்கம் வைக்கும் துண்டு, காலர் திரும்பினால் லைனிங்குக்குப் பதில் அது தெரியும்) எடுக்கலாம்.

மடிப்புக்கோடு

ஊசிமுனை சொன்னதில் பாதி சரி. இடம் வலம் சமமாகும். ஆனால் பக்கத் தையலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கைவாய்க்குக் கீழே வரும் அந்த 30 செ.மீ. தையல், மேலங்கியை அணிந்ததும் முன்பக்கமாக, முழங்கைக்குக் கீழே வந்து நிற்கும். கண்ணுக்கு நேரே.

ஒரு தாளை எடுத்து, அந்த இரண்டு துண்டு கணக்கின்படி நடுவிலிருந்து இரு ஓரமும் நோக்கி அம்புக்குறிகள் போடுங்கள். குறுக்கே பாதியாக மடியுங்கள், குறிகள் வெளியே தெரியும்படி. பக்க ஓரத்தில் மேல் பாதியின் அம்பு தையலை நோக்கி வருகிறது, கீழ் பாதியின் அம்பும் தையலை நோக்கித்தான் வருகிறது. இப்போது அந்த ஓரத்தை ஒட்டி, கீழ் பாதி தொங்கும்படி விரித்துப் பாருங்கள். தையலுக்கு மேலே ரோமம் கீழ்நோக்கி, தையலுக்குக் கீழே ரோமம் மேல்நோக்கி. விளக்கு வெளிச்சம் மேலிருந்து விழும்போது தையலுக்கு மேலே வெளிறலும் கீழே அடர்த்தியுமாக, வேறு வேறு தானில் வெட்டியது போலத் தெரியும்.

அம்பை எந்தத் திசையில் போட்டாலும் இந்தத் தையலில் ரோமம் எதிரெதிராகத்தான் சந்திக்கும். ஓரத்தைப் பாதியில் மடித்து அதோடு அதையே சேர்ப்பதால் ஒரு பாதி மற்றதற்கு 180 டிகிரி திரும்பி நிற்கிறது. வடிவத்தின் குணம் அது, வெட்டும் சாமர்த்தியத்தால் மாறாது. நம்மால் தேர்ந்தெடுக்க முடிந்தது ஒன்றுதான்: தையலுக்குச் செங்குத்தாக முட்டுவதா, தையலோடு இணையாக எதிர்த்து ஓடுவதா. இணையாக ஓடினால் மேலிருந்து விழும் வெளிச்சம் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். அதற்கு ரோமம் மேலிருந்து கீழ், அதாவது காலர் விளிம்பிலிருந்து கீழ் ஓரத்துக்கு ஓட வேண்டும்.

ஆகவே என் கணக்கு இப்படி. நடுமுதுகுத் தையல் இருக்கட்டும். ஆனால் துணியின் நீளவாட்டு நூல் உடலின் உயரத்தோடு போகட்டும்.

உடல் துண்டு ஒவ்வொன்றும் 110 செ.மீ. நீளம், 69 செ.மீ. அகலம். 110-ல் மேல் தையல் ஓரம் 2, கீழ் மடிப்பு 4, மிச்சம் 104. அகலம் 69-ல் நடுமுதுகு ஓரம் 2, கைப்பக்க ஓரம் 2, மிச்சம் 65. இரண்டு துண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 220 செ.மீ. துணியைத் தின்னும்.

காலர் ஃபேசிங் இரண்டு, ஒவ்வொன்றும் 30.5 செ.மீ. நீளம், 69 அகலம். 30.5-ல் மேல் ஓரம் 2, கீழ் ஓரம் 2, கூடுதல் அரை, மிச்சம் 26. இதற்கு 61 செ.மீ. ஆக 281. உங்கள் 3 மீட்டரில் 19 செ.மீ. மிஞ்சும், இரண்டு முனையையும் நேராக்க அது போதும். வெட்டிய துண்டுகளுக்குப் பக்கத்தில் 43 செ.மீ. அகலப் பட்டை மிஞ்சுவதால் பொத்தான், லூப், சோதனைத் தையல் எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம்.

ஃபேசிங் முடிந்த உயரம் ஏன் 26 என்று கேட்கலாம். காலர் திரும்புவது 16, உள்ளே இறங்குவது 10. அதை 30 ஆக்கினால் ஃபேசிங்கும் லைனிங்கும் சேரும் தையல் நேராகக் கைவாயின் மூலையில் வந்து முட்டும். கையை நுழைக்கும்போதெல்லாம் இழுபடும் இடம் அதுதான். அங்கே நான்கு அடுக்குத் தையல் ஓரம் சேர்ந்தால் முடிச்சு போல உருண்டு நிற்கும். மேலே உள்ள அரை செ.மீ. காலர் திரும்பும் வளைவுக்கு. வெளி வளைவில் போகும் துணிக்கு அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் காலர் விளிம்பு உள்ளே சுருண்டு லைனிங் பக்கம் இழுக்கும்.

ஃபேசிங்கின் ரோமம் உடலுக்கு எதிர்த் திசையில், அதாவது காலரின் மேல் விளிம்பை நோக்கிப் போக வேண்டும். காலர் வெளியே திரும்பியதும் அது கீழ்நோக்கி வந்து உடலோடு சேர்ந்துகொள்ளும். இங்கே தவறினால் காலர் மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

ஊசிமுனை

தாளை மடித்துப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், என் வழியில் பக்கத் தையல் காட்டிக் கொடுத்துவிடும். துணி 3 மீட்டர் இருக்கும்போது உங்கள் வழிதான் சரி. 1.5 மீட்டர் மட்டும் இருப்பவர்கள் என் வழியில் வெட்டி, பக்கத் தையலின் மேல் ஒரு பட்டை லேஸோ மணி வேலையோ வைத்து மறைக்கலாம்.

மல்பெரி

மடிப்புக்கோடு, ரொம்ப நன்றி. 30 செ.மீ. ஃபேசிங் என்றுதான் எழுதி வைத்திருந்தேன், திருத்திவிட்டேன். ரோமம் மேலிருந்து கீழ் என்றால் அடர் நிறத்துக்காகத் தலைகீழாக, கீழிருந்து மேல் ஓடவிடுவது நல்லதில்லையா?

மடிப்புக்கோடு

அதுவும் செய்யலாம். ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். மாலை விளக்கில் அணியும் உடுப்புக்குப் பலரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் உட்காரும் இடத்தில் ரோமம் எதிர்த்துத் தேய்ந்து சீக்கிரம் நசுங்கும். இந்த மேலங்கி தொடைவரை வருவதால் உட்காரும்போது அதன்மேல்தான் உட்காருவீர்கள். எது வேண்டுமோ முடிவு செய்துகொண்டு, எல்லாத் துண்டிலும் அதையே கடைப்பிடியுங்கள். ஃபேசிங் எப்போதும் உடலுக்கு எதிர்த் திசை.

கச்சாத்தையல்

கணக்கு முடிஞ்சுது, இனி வெல்வெட்டைக் கையாளுவதைச் சொல்றேன். வெல்வெட் கெட்டுப்போவது பெரும்பாலும் தையலில் இல்லை, அதுக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

வெட்டும்போது மடிச்சுப் போட்டு வெட்டக் கூடாது. ஒற்றை அடுக்காக, ரோமப் பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் ரோமத் திசைக்குச் சாக்பீஸில் ஒரு அம்பு. வெட்டி முடிச்சபிறகு எல்லாத் துண்டும் பின்பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. கையால் தடவிப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், ஆனா இரவு விளக்கில் தடவிப் பார்த்துத் தப்பு செய்யறதைவிட அம்பு போடறது மேல்.

வெட்டின உடனே ஓரம் கொட்ட ஆரம்பிக்கும். பட்டு-விஸ்கோஸ் வெல்வெட் ரொம்பவே கொட்டும். ஓவர்லாக் போட்டா ஓரம் கயிறு மாதிரி தடிச்சு முன்பக்கம் அச்சு விழும். லைனிங் உள்ளே மறைஞ்சுபோற உடுப்புதானே, கையால 8 மி.மீ. இடைவெளியில் சாய்வாக ஒரு சுற்றுத் தையல் போதும்.

குண்டூசி தையல் ஓரத்துக்குள்ளே மட்டும். உள்ளே குத்தினா ரோமம் படுத்துப் புள்ளி நிற்கும். வாட்டர் மார்க்கர் வேண்டவே வேண்டாம், விஸ்கோஸ் ரோமத்தில் தண்ணீர்த் துளி விழுந்தா அந்த இடம் வட்டமாகப் படுத்திடும்.

இப்போ தையல். வெல்வெட்டின் முகத்தோடு முகம் வைச்சா ரெண்டு ரோமமும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு தள்ளும். மேல் அடுக்கு நகரும், கீழ் அடுக்கு நின்னுடும். இதைக் குண்டூசி தடுக்காது. கச்சா தையல்தான் (பிறகு உருவிடும் தற்காலிகக் கைத்தையல்) தடுக்கும், அதுவும் ஒரு வரிசை போதாது. தையல் கோட்டுக்கு ஒரு பக்கம் 3 மி.மீ. தள்ளி ஒண்ணு, மறுபக்கம் 3 மி.மீ. தள்ளி ஒண்ணு. 1 செ.மீ. நீளத் தையல், ஏழெட்டுத் தையலுக்கு ஒரு தடவை ஒரு பின்தையல். பட்டு நூல் இருந்தா அதுதான், உருவும்போது அச்சு விடாது.

மெஷினில் ஊசி 11, நீளம் 3 முதல் 3.5 மி.மீ., ஃபுட் அழுத்தத்தைக் குறைச்சு வைங்க. வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இருந்தா போடுங்க. தையல் ரோமத்தின் திசையிலேயே போகணும். பக்கத் தையலில் ரெண்டு அடுக்கும் எதிர்த் திசை என்பதால் அங்கே எப்படியும் ஒண்ணு எதிர்க்கும், அதனால அந்தத் தையலுக்குக் கச்சா தையலை இன்னும் நெருக்கமாகப் போடுங்க. 10 செ.மீ.-க்கு ஒரு தடவை ஊசியைத் துணிக்குள் நிறுத்தி ஃபுட்டைத் தூக்கி இறக்குங்க. தள்ளிச் சேர்ந்த துணி அந்த நொடியில தன் இடத்துக்குத் திரும்பிடும்.

இஸ்திரிப் பெட்டியை வெல்வெட்மேல் வைக்கவே கூடாது. அதே வெல்வெட்டில் ஒரு துண்டை ரோமம் மேலே பார்க்க மேஜையில விரிங்க, அதன்மேல் உடுப்பின் ரோமம் கீழே பார்க்க வைங்க. ரோமத்துக்குள் ரோமம் நின்னுக்கும், நசுங்காது. பெட்டியை 2-3 செ.மீ. உயரத்தில் பிடிச்சு ஆவி மட்டும் விட்டு, தையல் ஓரத்தை விரலால் பிரிச்சு விடுங்க. ஆறும்வரை தூக்காதீங்க. சூடும் ஈரமும் உள்ளபோது தூக்கினா விரல் தடம் அப்படியே நிற்கும்.

மல்பெரி

பக்கத்துப் பட்டையில் 40 செ.மீ. சோதனைத் தையல் போட்டேன். இரண்டு வரிசை கச்சா தையல் போட்டும் கடைசியில் மேல் அடுக்கு 4 மி.மீ. நீண்டு வந்தது. ஃபுட் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறேன், நீளம் 3. வாக்கிங் ஃபுட் இல்லை. எங்கே பிசகியது?

கச்சாத்தையல்

கச்சா தையலை எப்படிப் போட்டீங்க? துணியை மேஜையில படுக்க வைச்சபடியே போடணும், கையில தூக்கிப் பிடிச்சா இல்லை. தூக்கினா மேல் அடுக்கு அப்பவே நகர்ந்து, அந்த நகர்வோடவே கட்டுப்பட்டுடும். பிறகு மெஷின் அதை வெளியே காட்டுது, அவ்வளவுதான்.

வாக்கிங் ஃபுட் இல்லைன்னா ரெண்டு அடுக்குக்கும் நடுவுல டிஷ்யூ தாளை 4 செ.மீ. அகலப் பட்டையா வைச்சுக் கச்சா தையல் போடுங்க. ரோமம் கோத்துக்காது. தைச்சபிறகு தாளைக் கிழிச்சு எடுத்திடலாம், 3.5 நீளத் தையல்ல சுலபமா வந்திடும். அதுக்கும் மேல 2 மி.மீ. வந்தா கவலை இல்லை, கீழ் ஓரத்தில சரியாயிடும். 4 விடாதீங்க. 104 செ.மீ. நடுமுதுகுத் தையலுக்கு அது 1 செ.மீ.-க்கு மேல ஆயிடும், முதுகு ஒரு பக்கம் இழுத்து அலை விழும்.

இன்னொண்ணு. நடுமுதுகுத் தையலை ஒரே ஓட்டமாகத் தைக்காம, பிடரியிலிருந்து கீழ் நோக்கிப் பாதி, நிறுத்தி, கச்சா தையல் நகர்ந்திருக்கான்னு பார்த்துட்டு மிச்சம்.

பட்டுநூல்

லைனிங் பற்றி நான் சொல்கிறேன்.

16 மோம்மே நல்ல தேர்வு. ஒரு மோம்மே சதுர மீட்டருக்கு சுமார் 4.34 கிராம், ஆகவே உங்கள் சாட்டின் 69 கிராம் அளவில் வரும். வெல்வெட்டை இழுக்காது, ஆனால் மெல்லிய 8 மோம்மே பட்டைப் போலக் கைவாயில் கிழியவும் செய்யாது.

லைனிங்கையும் வெல்வெட்டின் நூல் போக்கிலேயே இரண்டு துண்டாக வெட்டுங்கள். குறுக்காகப் போட்டால் துணி மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் வேறு நூலில் தொங்கினால் வேறு வேறு அளவு இறங்கும். ஒவ்வொரு துண்டும் 81 செ.மீ. நீளம், 71 அகலம். நீளம் எப்படி வந்ததென்றால்: முடிந்த உடல் 104, அதில் ஃபேசிங் 26 போக 78. லைனிங்கின் கீழ் ஓரம் வெல்வெட்டின் ஓரத்துக்கு 2 செ.மீ. மேலேயே நிற்க வேண்டும், ஆக 76. தளர்வு மடிப்புக்கு 1.5, கீழ் ஓரம் உள்ளே மடிக்க 1.5, ஃபேசிங்கோடு சேர 2. அகலத்தில் கூடுதலாக உள்ள 2 செ.மீ. இரண்டு துண்டிலும் சேர்ந்து நடுமுதுகில் 4 செ.மீ. மடிப்பாக நிற்கும். கையை முன்னால் கட்டும்போது அந்த மடிப்பு திறந்து கொடுக்கும். அது இல்லையென்றால் கைவாயில் லைனிங் கிழியும்.

சேர்க்கும் வரிசை. ஃபேசிங்கின் கீழ் ஓரத்தோடு லைனிங்கின் மேல் ஓரத்தைச் சேர்த்து உள் உடலைத் தனியாகத் தைத்துவிடுங்கள், பக்கத் தையல் உட்பட. வெளி உடலும் தனியாக. பிறகு காலரின் மேல் விளிம்பை மட்டும் மெஷினில் சேருங்கள், ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல் வரை. பக்கத் தையலைத் தாண்டக் கூடாது. முனையில் ரிவர்ஸ் போட வேண்டாம், நூலை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அங்கிருந்து கீழ் ஓரத்தின் 4 செ.மீ. மடிப்பு தொடங்குவதால் ஒரு மி.மீ. தாண்டினாலும் மூலை சுருங்கும்.

அதன்பிறகு 24 மணி நேரம் தொங்கவிடுங்கள். கீழ் ஓரமும் கைவாயும் அதற்குப் பிறகே.

ஊசிமுனை

இங்கே எனக்கு வேறு கருத்து. சுற்று முழுவதையும் மெஷினில் தைத்து, கைவாய் வழியாகத் திருப்பிவிடலாம். கைவாய் 22 என்றால் சுற்றளவு 44 செ.மீ., உடுப்பு முழுவதும் தாராளமாக வெளியே வரும். கைவாய் இரண்டு மட்டும் கையால் எம்மிங். இரண்டு மணி நேர வேலை மிச்சம்.

பட்டுநூல்

சாட்டின் மேல் உடலாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். டஃபெட்டாவுக்கும் அது சரி. வெல்வெட்டுக்கு வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஓரத்தில் சுற்றித் தைத்தால் அந்த விளிம்பைக் கூர்மையாக்க அழுத்த வேண்டும், வெல்வெட்டை அழுத்த முடியாது. அழுத்தாத விளிம்பில் லைனிங் வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டாவது, வெல்வெட் தொங்கத் தொங்க இறங்கும், சாட்டின் அவ்வளவு இறங்காது. விளிம்போடு விளிம்பு கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் கீழ் ஓரம் உள்ளே சுருண்டு பலூன் போல நிற்கும். கையால் செய்யும் தளர்வு மடிப்பு அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும்.

காலர் விளிம்பில் மட்டும் மெஷின் சரி, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் வெல்வெட். அதையும் தைத்தபிறகு தையல் ஓரங்களில் ஒன்றை 5 மி.மீ., மற்றதை 10 மி.மீ. என்று படியாக வெட்டி, ஃபேசிங் பக்கம் கையால் பின்தையலில் பிடித்துவிடுங்கள். நூல் தையல் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், முகத்துக்கு வரக் கூடாது. வெளியே தெரிவது ஃபேசிங் என்பதால் தையல் கோடு 2 மி.மீ. உடல் பக்கம் உருண்டு மறைய வேண்டும்.

மல்பெரி

ஃப்ளானல்? அப்புறம் மஸ்லின் துணியில் மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்தபோது பிடரியில் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கிறது, மேலங்கி முழுவதும் பின்னால் சரிகிறது.

மடிப்புக்கோடு

பின்னால் சரிவதும் விலகுவதும் ஒரே காரணத்தால். மேல் விளிம்பு நேர்க்கோடு, கழுத்தும் தோளும் வளைவு. நேர்க்கோடு வளைவின் மேல் உட்காராது. அதோடு முதுகில் துணியின் எடை முழுவதும் பின்னால் இருக்கிறது.

நடுமுதுகுத் தையல் இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான். பலர் மேல் விளிம்பிலேயே தையலை உள்ளே வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காலர் வெளியே திரும்பும்போது விளிம்பு தோள்மேல் பரவ இடமில்லாமல் தூக்கி நிற்கும். வாங்க வேண்டிய இடம் காலர் உருளும் கோடு, மேல் விளிம்பிலிருந்து 16 செ.மீ. கீழே. அங்கே ஒவ்வொரு பக்கமும் 1.5 செ.மீ. வாங்குங்கள். மேலே விளிம்புக்குப் போகும்போது பூஜ்யம், கீழே 20 செ.மீ. இறங்கி பூஜ்யம். மீன் வடிவ டார்ட் மாதிரி. ஃபேசிங்கிலும் லைனிங்கிலும் அதே இடத்தில் அதே அளவு. முதலில் மஸ்லினில் குண்டூசி குத்திப் பாருங்கள், முதுகு வளைவு அதிகம் உள்ளவருக்கு 2 செ.மீ. கூட ஆகலாம்.

பிறகு அந்த உருளும் கோட்டில், வெளி உடலின் பின்பக்கம், நடுமுதுகை மையமாக வைத்து 38 செ.மீ. குறித்துக்கொண்டு, அதன்மேல் 1 செ.மீ. அகலப் பருத்தி நாடாவை 36 செ.மீ. நீளத்தில் கையால் தையுங்கள். மிஞ்சும் 2 செ.மீ. துணியை நாடாவின் நீளம் முழுவதும் சமமாகப் பரப்பித் தளர்த்திக்கொள்ளுங்கள். நாடா கழுத்தை அணைக்கும், வெல்வெட் தொங்கி நீளாது. தையல் வெல்வெட்டின் அடித்துணியில் ஒரு நூலை மட்டும் பிடிக்கட்டும்.

ஃப்ளானலை உடல் முழுவதும் போட்டால் பின்பக்கம் இன்னும் கனக்கும், சரிவு கூடும். குளிருக்கு வேண்டுமென்றால் பிடரியிலிருந்து 45 செ.மீ. வரை மட்டும், லைனிங்கின் பின்பக்கத்தில். முன்கூட்டி வெந்நீரில் நனைத்துக் காயவைத்த மெல்லிய ஃப்ளானலாக இருக்கட்டும். காலருக்குப் பட்டு ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி), ஃபேசிங்கின் பின்னால், ஓரத்தில் கச்சா தையலோடு. ஒட்டும் கேன்வாஸ் வேண்டவே வேண்டாம், அதை ஒட்டுவதற்கு வேண்டிய சூடும் அழுத்தமும் ரோமத்தைத் தட்டையாக்கிவிடும்.

பழையபெட்டி

கால விவரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "1910-20" என்று சேர்த்துச் சொல்வதில் இரண்டு வேறு உருவங்கள் இருக்கின்றன.

முதல் உலகப் போருக்கு முன், பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே போன்றவர்களின் மேலங்கிகளில் கீழ் ஓரம் குறுகும். தோளிலும் முதுகிலும் பெருத்து, காலை நோக்கி ஒடுங்கும் உருவம். 1920-களில் அது நேர்க் குழாயாகிவிட்டது. அகலமான உருண்ட காலர், இடுப்புக்குக் கீழே ஒரே பெரிய பொத்தான். 1922-ல் துட்டன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபின் எகிப்திய வடிவங்கள் பூ வேலையிலும் மணி வேலையிலும் வந்து குவிந்தன. 1930-களுக்கு வந்தால் இன்னொரு பாரிஸ் வடிவமைப்பாளர் மேட்லின் வியோனேயின் கிராஸ் வெட்டு (நூல் போக்குக்குச் சாய்வாக வெட்டுவது) பரவிவிட்டது, அங்கே இந்தச் செவ்வகக் கணக்கே பொருந்தாது.

குறுகும் ஓரம் வேண்டுமென்றால் சுருக்கு வைக்காதீர்கள், வெல்வெட்டில் சுருக்கு உருளையாகத் தடிக்கும். 3 செ.மீ. துணி வாங்கும் மென்மடிப்பு எட்டு வைத்தால் 130 செ.மீ. ஓரம் 106 ஆகும். மடிப்புகள் எல்லாம் பின்புறத்தில் இருக்கட்டும், பக்கத் தையலுக்கு 12 செ.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். 2 செ.மீ. நாடாவின் மேல் கையால் பிடித்து, அதன்மேல் லைனிங்.

பொத்தானுக்கு 3.5 முதல் 4 செ.மீ. அச்சு. அதன் பின்னால், வெல்வெட்டுக்கும் லைனிங்குக்கும் இடையில் 5 செ.மீ. சதுரத்துக்குக் கெட்டியான பருத்தித் துண்டு, உள்பக்கம் ஒரு சிறு தட்டைப் பொத்தான். இல்லாவிட்டால் கனமான பொத்தான் வெல்வெட்டைக் கீழே இழுத்துத் துளையாக்கும். லூப்பை வெல்வெட்டில் செய்யாதீர்கள், திருப்பவே முடியாது. லைனிங் சாட்டினில் 3 செ.மீ. அகலக் கிராஸ் பீஸ், மடிப்பிலிருந்து 5 மி.மீ. தள்ளித் தையல், ஓரத்தை 4 மி.மீ.-க்கு வெட்டி, மழுங்கிய ஊசியில் நூல் கோத்துத் திருப்பினால் உருண்டையாக வரும்.

டெவோரே வெல்வெட்டில் இதையே தைக்க நினைப்பவர்களுக்கு: அதில் விஸ்கோஸ் ரோமம் அமில உப்பால் எரிக்கப்பட்டு, பட்டு அடித்துணி மட்டும் கண்ணாடி போல நிற்கும். தையல் ஓரம், நாடா, ஃப்ளானல் எல்லாம் வழியாகத் தெரியும். உடல் முழுவதற்கும் அதே நிற ஆர்கன்சா அடியில் வைத்தே தொடங்குங்கள்.

மல்பெரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கைவாய் ஓரத்தைக் கையால் எப்படி முடிப்பது? அங்கே 2 செ.மீ. ஓரம்தான் இருக்கிறது, மூலையில் பக்கத் தையல் வந்து நிற்கிறது.

பட்டுநூல்

பக்கத் தையல் முடியும் இடத்துக்குக் கீழும் மேலும் தையல் ஓரத்தில் சாய்வாகச் சின்ன வெட்டு, தையலுக்கு 2 மி.மீ. விட்டு. அப்போதுதான் ஓரம் தட்டையாக விரியும். அந்த மூலையில் 2 செ.மீ. ஆர்கன்சா சதுரம் ஒன்றை வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் தைத்து வையுங்கள், பிரியாது.

வெல்வெட்டின் 2 செ.மீ. ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியில் குறுக்குத் தையலில் தளர்வாகப் பிடியுங்கள், இறுக்கினால் முகத்தில் பள்ளம் விழும். லைனிங்கை விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி மடித்து, குண்டூசியை ஓரத்துக்குச் செங்குத்தாகக் குத்தி, மறைதையல் போடுங்கள், 4 மி.மீ.-க்கு ஒன்று. நூலைத் தேன்மெழுகில் ஓட்டி எடுத்தால் சிக்காது. ஒரு தடவைக்கு நூல் 50 செ.மீ.-க்கு மேல் கோக்காதீர்கள், நீண்ட நூல் சாட்டினில் உரசி உரசிப் பாதியிலேயே பஞ்சாகும். முடிச்சை மடிப்புக்குள் இழுத்துவிடுங்கள். கைவாயின் மேல் பாதி, மடிப்புக்கோட்டுப் பக்கம், லைனிங் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். கையைத் தூக்கும்போது இழுபடுவது அந்த இடம்தான்.